சம்பந்தி தலைமேல் ஒரு மேகம்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் விட்ட புகையெல்லாம் கலைந்த பிறகும், ஒரே ஒருவர் தலைக்கு மேல் மட்டும் ஒரு சின்ன மேகம் கலையாமல் நின்றது.

அந்த ஒருவர் மணப்பெண்ணின் அப்பா. என் மனைவியின் தம்பி. பெயர் கலியமூர்த்தி.

அந்த மேகத்தின் ரசாயனம் எனக்குத் தெரியும். கலைந்துபோன புகையின் ரசாயனமும் தெரியும் – அதைக் கலக்கியவனே நான்தான். இரண்டும் ஒரே பொருள்களால் ஆனவை. விகிதம்தான் வேறு. ஒரு விகிதம் மகளின் ஆசையை நிறைவேற்றியது. இன்னொரு விகிதம் அப்பனை மாட்டிவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கலியமூர்த்திக்கு வாலிகண்டபுரத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற நிலம். சிகரெட்டை நிறுத்துவது அவனுக்குப் பழக்கமான காரியம். பொங்கலுக்கு நிறுத்துவான், ஆடிப்பெருக்குக்கு நிறுத்துவான். திருச்சி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அன்றும் நிறுத்தினான் – ஊருக்குத் திரும்பும் வழியில் பாடாலூர் டீக்கடை வரும்வரை.

இந்த முறை அப்படி முடியாது. மகள் கயல்விழி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அரியலூரில் வங்கியில் வேலை பார்க்கிற பெண். எதையும் நிபந்தனைகளோடுதான் பேசுவாள்.

"அப்பா, ஒங்களத் திருத்தற வேலைக்கு நான் வரல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அந்த நாத்தம் அடிக்கிற கையால என்னையத் தாரை வார்க்க வேணாம். விட முடியலையா, சித்தப்பா வார்க்கட்டும்."

பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, நீர் வார்த்து, ஒப்படைக்கிற சடங்கு. ஒரு அப்பன் மண்டபத்துக்குச் செலவழித்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டி, சமையல்காரரிடம் பேச்சு வாங்குவதெல்லாம் எதற்கு? அந்த ஒரு நிமிடம் அங்கே உட்காருவதற்குத்தானே?

போதாக்குறைக்கு அந்தச் சித்தப்பா தங்கராசு, கலியமூர்த்தியின் சொந்தத் தம்பி. கிணற்றில் யார் முறைக்கு மோட்டார் போடுவது என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ரொம்ப நாளாயிற்று. அவன் கையில் போய்த் தன் மகளின் கை... கலியமூர்த்திக்கு இருமலே நின்றுவிட்டது.

இவ்வளவு கறாரா என்று என் மனைவிகூடக் கேட்டாள். கயல் சொன்ன பதில்:

"சின்னப் புள்ளையில அப்பாதான் அத்தை எனக்குச் சோறு ஊட்டும். சோத்துலயும் அந்த நாத்தம்தான் அடிக்கும். அதுக்குத்தான் நான் ஸ்பூனையே புடிச்சேன்."

இன்றைக்கும் அவள் பழைய சோற்றைக்கூட ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாள். நாங்களெல்லாம் அது கான்வென்ட் படிப்பின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் நெருங்கிய நேரத்தில், ஒரு காலை என் வீட்டுக்குக் கலியமூர்த்தி வந்தான். முகத்தில் ஒரு வெற்றிக் களை. வேட்டி மடிப்பிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தான். கூடவே ஒரு குட்டிப் பாட்டில். துபாயிலிருந்து லீவில் வந்த அவனுடைய சகலையின் அன்பளிப்பு.

"மாமா, இது சிகரெட் இல்ல. பொகையே கெடையாது. வெறும் ஆவி. இட்லிப் பானையில வருதுல்ல, அது மாதிரி."

"இட்லிப் பானைய யாரும் வாயில வச்சு உறியிறதில்லையே மாப்ள."

"கேலி பண்ணாதீங்க. மாம்பழ வாசம். ஒரு பய கண்டுபுடிக்க முடியாது. ஒரே ஒரு கொறைதான். இழுத்தா தொண்டையப் புடிச்சு இருமல் வருது. அடுத்த ரூம்புலேருந்து கயலு 'என்னப்பா'ங்குறா. நீங்கதான் கெமிஸ்ட்ரி படிச்சவராச்சே. இதுல எதக் கொறைக்கணும், எதக் கூட்டணும்? அத மட்டும் சொல்லுங்க."

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையரானவன். சுண்ணாம்புக்கல் எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று விகிதம் பார்த்தே தலை நரைத்தது. ஒரு பாட்டிலை நீட்டினால் லேபிளைப் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

விசயம் எளிது. நிகோட்டினையும் வாசனையையும் தள்ளிவிட்டால், இந்தத் திரவத்தில் அடிப்படையாக இருப்பவை இரண்டே. ஒன்று புரொப்பிலீன் கிளைக்கால். தண்ணீர் மாதிரி இளகல். வாசனையை நன்றாகத் தூக்கிக்கொண்டு வரும். போகிற வழியில் தொண்டையையும் ஒரு கீறு கீறும். இன்னொன்று கிளிசரின். பாகு மாதிரி கெட்டி, லேசான தித்திப்பு. தொண்டைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் வெளியே விடுகிற ஆவி பஞ்சுப் பொதி மாதிரி நிற்கும். கிளைக்கால் அதிகமானால் இருமல். கிளிசரின் அதிகமானால் மேகம். அந்தச் சின்னப் பேனாவின் திரியில் வெறும் கெட்டிப் பாகு லேசில் ஏறவும் ஏறாது. அதனால் சின்னக் கருவிக்குப் பாதிக்குப் பாதி என்பது பொதுவான கணக்கு. இவன் பாட்டிலில் கிளைக்கால் எழுபது, கிளிசரின் முப்பது. இருமாமல் என்ன செய்யும்?

இவ்வளவும் மனதுக்குள் ஓடியது. வாய் திறந்து நான் சொன்னது வேறு.

"மாப்ள, இந்தச் சாமான் நம்ம நாட்டுல தடை. செய்யக் கூடாது, விக்கக் கூடாது, வெளிநாட்டுலேருந்து கொண்டாரக் கூடாது, சேத்து வைக்கவும் கூடாது. ஒன் சகலை ஏற்கெனவே ஒரு பிரிவுல வரான். நான் விகிதம் சொல்லிக் கலந்து குடுத்தா, தயாரிப்பாளர்னு இன்னொரு பிரிவுல நான் வருவேன்."

"குடிக்கிறவன் எந்தப் பிரிவு மாமா?"

"அத எழுத மறந்துட்டாங்க. அத ஒன் மக எழுதிக்குவா. உள்ள போறது அதே நிகோட்டின்தான், மாப்ள. மாம்பழச் சட்டை போட்டுக்கிட்டுப் போவுது. அவ்வளவுதான்."

"ஒரு வார்த்த கேட்டா ஒரு சட்டப் புஸ்தகமே வருது. அப்பறம் எதுக்கு மாமா இவ்வளவு படிச்சீங்க?"

கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்தாள். என்ன ஆச்சரியம் என்கிறீர்கள்... அவளுக்கும் புகைப் பிரச்சினைதான்.

இப்போதெல்லாம் ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் சாதாரணமாக நடந்து வருவதில்லை. மேடையில் ஒரு மிஷின் புஸ்ஸென்று வெள்ளைப் புகையைக் கக்கும். அதற்குள்ளிருந்து, ஏதோ வானத்தில் இருந்து இறங்கியவர்கள் மாதிரி வருவார்கள். போன மாதம் அதே மண்டபத்தில் கயலின் தோழிக்குக் கல்யாணம். புகை வந்தது. போகவில்லை. ஒரு பாட்டு முழுக்க ஓடி முடிந்தும் போகவில்லை. வீடியோவில் பெண்ணின் நெற்றிச்சுட்டி மட்டும் தெரிகிறதாம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முன் வரிசையில் இருமியது மட்டும் தெளிவாகக் கேட்கிறதாம்.

"மாமா, எனக்கு அந்தப் பொகை வேணும். ஆனா என் மூஞ்சியும் வேணும்" என்றாள் கயல்.

இதைவிடத் தெளிவாக ஒரு தொழில்நுட்பத் தேவையை என் வேலைக் காலத்தில் எந்த மேலதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த மிஷினில் ஊற்றுவதும் அதே கிளைக்கால், அதே கிளிசரின்தான் – நிறைய டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து. ஆனால் இதற்குத் தடையில்லை. மேடையில் விட்டால் அலங்காரம், வாயில் விட்டால் குற்றம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரிடையரான அன்று மற்றவர்கள் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள். நான் கேட்டு வாங்கிவந்தது ஒரு அளவுக் குடுவை. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கயலோடு மண்டபத்துக்குப் போனேன்.

மிஷின்காரர் ஷாஜகான் பாய். சவுண்டு, லைட், பெரிய திரை, புகை எல்லாம் அவர்தான். கல்யாண ஏற்பாடுகளைப் பார்க்கக் கலியமூர்த்தியும் வந்திருந்தான். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் காதுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றான்.

"பாய், என்ன கணக்குல கலக்குறீங்க?" என்று கேட்டேன்.

"கணக்கா? ஒரு குத்துமதிப்பா ஊத்துவேன் சார். கெட்டியா வேணுங்கிறாங்க, கிளிசரினக் கொஞ்சம் சேத்து ஊத்துவேன். அல்லா புண்ணியத்துல இதுவரைக்கும் மிஷினு வெடிக்கல. பெருசுங்க இருமுறாங்கன்னு ஒரு கம்ப்ளைண்ட்தான்."

பாடம் ஆரம்பித்தேன். யாரோ ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டால் எனக்கு இருபது வயது குறைந்துவிடும். "பாய், தொண்டையக் கீறுறது கிளைக்கால். கிளிசரின் மெத்துன்னு இருக்கும், இருமல் வராது..."

அந்த இடத்தில் கலியமூர்த்தியின் செல்போன் அடித்தது. சமையல்காரர். வெங்காயம் எத்தனை மூட்டை வருகிறது என்று. அவன் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

நான் தொடர்ந்தேன். "ஆனா கிளிசரின் கூடுனா புகை நகராது. அங்கேயே நின்னு காட்டிக் குடுக்கும். அதனால ரெண்டையும் கொறைப்போம். தண்ணியக் கூட்டுவோம். அடர்த்தியா வரும், ஒடனே போயிரும்."

அளந்து, கலந்து, குலுக்கி, நுரை அடங்கும்வரை வைத்து, லேபிள் ஒட்டி, மிஷினில் ஊற்றிப் பார்த்தோம். வெள்ளையாகப் பொங்கியது. பாட்டின் முதல் அடி முடிவதற்குள் காணாமல் போனது. கயல் என்னைக் கும்பிட்டாள். பாய் மட்டும் கொஞ்சம் வருத்தமாக, "காசு குடுத்த பொகை இவ்வளவு சீக்கிரம் போறது மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் சார் இருக்கு" என்றார்.

மனிதர்கள் எல்லோரிடமும் நான் பார்த்த ஒன்று உண்டு. தனக்கு வேண்டிய பாதி காதில் விழுந்தவுடன், கேட்பதை நிறுத்திவிடுவார்கள். கணவன்மார்கள் இதில் கைதேர்ந்தவர்கள் என்று என் மனைவி சொல்வாள். மீதிப் பாதியையும் அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை.

கலியமூர்த்தி என்ன செய்தான் தெரியுமா? நேரே மெடிக்கலுக்குப் போனான். கால் வெடிப்புக்குத் தடவுகிற கிளிசரின் பாட்டில் ஒன்று வாங்கினான். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. துபாய்த் திரவத்தில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, கிளிசரினால் நிரப்பினான். இழுத்துப் பார்த்தான். இருமல் இல்லை. திறந்த வரப்பில் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் மேகத்தையும் அவன் கவனிக்கவில்லை.

ரிசப்ஷன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி. மண்டபம் நிறைந்துவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய சம்பந்தி வீட்டார். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. மேடையில் நடப்பதெல்லாம் அதில் உடனுக்குடன் ஓடுகிறது.

கலியமூர்த்தி காலையிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பந்தி, சீர், ஆரத்தி, மாமன் மச்சான் கோபதாபம் என்று ஒரு நிமிடம் ஒதுங்க முடியவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த மகத்தான யோசனை தோன்றியது. போன மாதக் கல்யாணத்தில் புகை ஒரு பாட்டு முழுக்க நின்றதல்லவா? இவ்வளவு புகைக்குள் கூடுதலாக ஒரு இழுப்பு யாருக்குத் தெரியப்போகிறது?

விளக்குகள் அணைந்தன. மிஷின் புஸ்ஸென்றது. மேடை மறைந்தது. கயலும் மாப்பிள்ளையும் கைகோத்து வெளிப்பட்டார்கள். மேடையின் பின் அலங்காரத்தை ஒட்டி நின்றிருந்த கலியமூர்த்தி, வேட்டி மடிப்பில் கையை விட்டான். நிதானமாக, நீளமாக, ஒரு நாள் முழுக்கச் சேர்த்துவைத்த ஏக்கத்தோடு இழுத்தான். விட்டான்.

என் புகை சொன்ன சொல் தவறாமல் கலைந்தது. கயலின் முகம் பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் கை தட்டியது.

அவன் புகை நின்றது.

அசையவில்லை. தலைப்பாகைக்கு மேல் தனியாக ஒரு வெள்ளைப் பொதி. வீடியோக்காரர் அதைக் கலைநயம் என்று நினைத்து நெருக்கமாகப் பிடித்துவிட்டார். பெரிய திரை முழுக்கக் கலியமூர்த்தி. அதற்கு மேலே மேகம். கன்னம் இன்னும் உப்பியே இருந்தது. மூக்கு வழியாக மீதி வந்துகொண்டிருந்தது.

ஷாஜகான் பாய் என் அருகில் ஓடி வந்தார். "சார், சத்தியமா அது நம்ம பொகை இல்ல சார். நம்ம பொகை போயிருச்சு."

"தெரியும் பாய்."

ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி நல்ல மனிதர். திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சம்பந்திக்கு மட்டும் தனி எஃபெக்டுங்களா? நல்லாருக்கு. எங்க பக்கம் இதெல்லாம் இன்னும் வரல."

கிஃப்ட் கொடுக்க மேடைக்குப் போனேன். கயல் கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கலைக்காமல் சொன்னாள்: "மாமா, காலையில சித்தப்பாவ ஒக்காரச் சொல்லிருங்க."

கீழே இறங்கியவுடன் கலியமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு கூட்டத்தில் அவன் கண் கலங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"நாத்தம் அடிக்கிற கைன்னுதான மாமா சொன்னா? மோந்து பாருங்க. மாம்பழம் மணக்குது. நீங்க சட்டம் தெரிஞ்சவரு. எனக்காக ஒரு வார்த்த பேசுங்க."

விடிந்தது. மணவறையில் தங்கராசு புது வேட்டி, புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அண்ணனை ஜெயித்த மகிழ்ச்சி அவன் முகத்திலும் இல்லை. கலியமூர்த்தி வாழைமரத்தை ஒட்டி, வாழைமரத்துக்குத் துணையாக நின்றான்.

தாரை வார்க்கிற நேரம். ஐயர் செம்பை எடுத்தார். கயல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களையே கேக்குறேன். நீங்க சொல்றதுதான் முடிவு. அது சிகரெட்டா, இல்லையா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. கலியமூர்த்தியும் பார்த்தான். இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். புகையிலை இல்லை, நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, நாற்றம்கூட இல்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் மச்சினனுடையது என்பதற்காக நான் என்றைக்கும் ரிப்போர்ட்டை மாற்றியவன் இல்லை.

"சிகரெட்தாம்மா. சட்டத்துல பேரே அதான். மின்னணு சிகரெட்."

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். தங்கராசு தயக்கத்தோடு கையை நீட்டினான்.

"இருங்க சித்தப்பா" என்றாள் கயல். பிறகு வாழைமரத்தைப் பார்த்து, "அப்பா, இங்க வாங்க. மொதல்ல அதத் தாரை வாருங்க. அப்பறம் என்னைய."

"எத?"

"மடியில என்ன வச்சிருக்கீங்களோ, அத. மாமா கையில."

ஐயர் திகைத்தார். "இதுக்குன்னு மந்திரம் ஒண்ணும் இல்லீங்களே..."

"தானத்துக்குச் சொல்றதையே சொல்லுங்க சாமி, திரும்பி வரக் கூடாது" என்றது யார் தெரியுமா? தங்கராசு. சொல்லிக்கொண்டே எழுந்து அண்ணனுக்கு இடம் விட்டான். பேச்சு நின்ற நாளிலிருந்து அண்ணன் காதுபட அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

கலியமூர்த்தி உட்கார்ந்தான். வேட்டி மடிப்பிலிருந்து பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். விரல் அதை விட்டு வர மனமில்லாமல் வந்தது. நீர் வார்க்க வேண்டியவள் அவன் மனைவி தனம். மற்ற கல்யாணங்களில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விடுவார்கள். தனம் செம்பைக் கவிழ்த்துவிட்டாள். எனக்கு முழங்கைவரை நனைந்தது. பேனாவில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்து, இரண்டு முறை கண் சிமிட்டி, அணைந்தது.

செம்பில் மறுபடி நீர் நிரப்பினார்கள். கயல் தன் கையை அப்பாவின் கைக்குள் வைத்தாள்.

அப்புறம் பந்தியில் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலியமூர்த்தி ஒரு வாய் கேசரியை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று பாதி வழியில் நிறுத்தியிருந்தான். கயல் ஸ்பூனை இலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, குனிந்து, வாயைத் திறந்தாள்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். அந்தப் பேனா என் வீட்டில் இருக்கிறது. சேர்த்து வைப்பது குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. எனக்குத் தெரியாத முறையா? ஆனால் "எப்படிங்க சார் ஒங்க கைக்கு வந்துச்சு?" என்று கேட்பார்கள். தாரை வார்த்துக் கொடுத்தார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கலியமூர்த்தி போன் செய்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றையும் தொடவில்லையாம். கயல் வீடியோ காலில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறாளாம். தங்கராசு தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுத்தானாம். எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மாமா... தண்ணியில விழுந்த செல்போன அரிசிக்குள்ள பொதைச்சு வச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே. நெசமா?"

"தெரியல மாப்ள. எங்க வூட்டுல இருந்த அரிசியெல்லாம் இப்பத்தான் ஒங்க அக்கா ஒலையில போட்டா."